சின்னப் பிள்ளைக்குப் பெரிய கோச்

(காக்ஸ் டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இளம் விளையாட்டு வீரர்களை எப்படி வளர்ப்பது, வேறு நாடுகள் அதை எப்படிச் செய்தன என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைப் பேச காக்ஸ் டவுனைவிடப் பொருத்தமான இடம் பெங்களூரில் இல்லை. ஒரு பக்கம் ஜீவனஹள்ளி, மறுபக்கம் ஃப்ரேசர் டவுன். அல்சூர் ஏரியைச் சுற்றிப் போனால் மதராஸ் என்ஜினியர் குரூப்பின் முகாம். அந்தப் படையின் சிப்பாய்களை நாடு முழுக்க ‘தம்பிகள்’ என்றே கூப்பிடுகிறார்கள். அல்சூருக்குள் நுழைந்தால் கௌதமபுரம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருக்குச் சிலை வைத்த அதே இடத்தில் பெலேவுக்கும் சிலை வைத்த தெரு அது. படைக்கும் ரயில்வேக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கன்டோன்மென்ட் பகுதிகளில் நிலைத்தன. அவர்களுடைய பிள்ளைகள் கையில் காசில்லாமல் ஆடக்கூடிய ஆட்டமாகக் கால்பந்து இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாம் கோச்சுகளைத் தலைகீழாகப் பங்கிடுகிறோம். நன்றாகப் படித்த, நல்ல சம்பளம் வாங்கும், வெளிநாட்டுப் பெயர் கொண்ட பயிற்சியாளர் தேசிய முகாமில் இருபத்தைந்து வயது ஆளோடு நிற்கிறார். எட்டு வயதுப் பிள்ளையோடு நிற்பவருக்குப் படிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை, சில இடங்களில் ஒரு பந்துகூட இல்லை. விளையாட்டில் மேலே வந்த நாடுகள் இதை நேராக்கிக்கொண்ட நாடுகள். அந்தக் கதைகளில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். ஆனால் நம்மிடம் என்ன இருந்தது என்று தெரியாமல் வெளியூரைப் பார்த்துப் பயனில்லை. அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்ஸ், எதிரணி பிரான்ஸ். இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோலை அன்று போட்டவர் சாரங்கபாணி ராமன், நம்மூர்க்காரர். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின, கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. அதே அணியின் கோல்கீப்பர் வரதராஜும், பிறகு ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் பஞ்ச பாண்டவர்களில் ஒருவராகக் கல்கத்தா கொண்டாடிய அகமது கானும் பெங்களூர் ஆட்டக்காரர்கள். 1952 ஹெல்சின்கியில் ஆடிய சண்முகம் இந்த ஊரில் பிறந்தவர். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோது கெம்பையா அந்த அணியில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகமும் எதிராஜும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவர்களை வளர்த்தது யார்? சான்றிதழ் பெற்ற கோச் யாரும் இல்லை. கிரவுண்டில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். படையணியில் ஆடிய சுபேதார் விடுமுறை நாளில் தெருப் பையன்களோடு நின்றார். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று ஆலைக்கு ஆலை அணி இருந்தது. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், அந்த வேலை குடும்பத்தையே தூக்கிவிடும். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்டக்காரர் மாலையில் தன் தெரு கிரவுண்டுக்கு வருவார், பிள்ளைகள் அவர் பந்தை நிறுத்தும் விதத்தைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். பத்து வயதுப் பையன் ஒரு தேசிய ஆட்டக்காரரைக் கையெட்டும் தூரத்தில் தினமும் பார்த்தான். எந்த அகாடமியும் இன்று விலை கொடுத்து வாங்க முடியாத பாடம் அது.

அந்த ஏற்பாட்டுக்குக் குறையும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. காயம் பட்டவனுக்கு மஞ்சள் பத்தும் எண்ணெயும்தான் மருத்துவம். மூத்தவர் போனால் அவர் அறிந்ததும் அவரோடு போயிற்று, எழுதி வைத்தவர் யாரும் இல்லை. ஆலை அணிகள் ஒவ்வொன்றாக மெலிந்தபோது, தெருவுக்குத் திரும்பிவந்து பிள்ளைகளோடு நிற்கும் ஆட்டக்காரர்களின் வரிசையும் அறுந்தது. மைசூர் என்ற பெயரில் 1968-69இல் சந்தோஷ் கோப்பையை வென்ற இந்த மாநிலம், மறுபடி அதை வெல்ல 2023 மார்ச் வரை, ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று தோற்கடிக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள். திறமை அத்தனை ஆண்டுகளும் தெருவில் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் கையில் எடுத்து வளர்க்கும் ஆள் வரிசைதான் இல்லாமல் போனது.

இந்தியாவின் மிகப் பெரிய கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மெல்போர்ன் நான்காம் இடமும் ஜகார்த்தா தங்கமும் அவர் காலத்தவை. ஹைதராபாத்தில் அவர் நடத்திய சில போட்டிகளில் டிரிபிளிங் செய்யக் கூடாது, வந்த பந்தை உடனே கொடுத்துவிட வேண்டும். வேறு சிலவற்றில் பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும். பாடத்தை ஆட்டத்துக்குள்ளேயே ஒளித்துவைக்கும் இந்தக் கலை வகுப்பறையில் பிள்ளைகளோடு பழகியவருக்குத்தான் கைவரும். 1963 ஜூனில் புற்றுநோயால் அவர் இறந்தார். அவருடைய முறையைப் படித்த நூறு பேரை உருவாக்கும் பள்ளி ஒன்று அப்போது நம்மிடம் இல்லை. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியிருந்தது. அங்கே பட்டயம் பெற்றவர்கள் நல்ல வேலை செய்தார்கள். பி. டி. உஷாவை வளர்த்த ஓ. எம். நம்பியார் அங்கே படித்தவர்தான். ஆனால் இத்தனை பெரிய நாட்டின் தெருக்களுக்கு அந்த எண்ணிக்கை எந்த மூலைக்கும் போதவில்லை.

இப்போது ஜப்பானுக்கு வருகிறேன். இந்தக் கதையில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அது நம்மையும் தொட்டுச் செல்லும் கதை.

1962 ஜகார்த்தாவில் லீக் சுற்றில் இந்தியா ஜப்பானை 2-0 என்று தோற்கடித்தது. 1970 பாங்காக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் மறுபடி நாம் ஜப்பானை 1-0 என்று ஜெயித்தோம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆண்கள் பெற்ற கடைசிப் பதக்கம் அது. இந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஜப்பானில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

தங்கள் ஊரில் நடக்கப்போகும் 1964 ஒலிம்பிக்ஸுக்காக ஜப்பானியர் 1960இல் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மன் பயிற்சியாளரை வரவழைத்தார்கள். அவர் வந்து தேசிய அணி ஆட்டக்காரர்களுக்கே பந்தை நிறுத்துவது, பாதத்தின் உட்புறத்தால் உதைப்பது, தலையால் முட்டுவது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். வளர்ந்த ஆண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. டோக்கியோவில் ஜப்பான் அர்ஜென்டினாவை 3-2 என்று தோற்கடித்தது, ஊர் கொண்டாடியது. கிராமர் கிளம்பும்போது தனக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நாடு தழுவிய லீக் வேண்டும், பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்கும் முறை வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. 1965இல் லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் ஜப்பானுக்கு வெண்கலம், ஏழு கோல் போட்டு காமமோட்டோ முதலிடம்.

அடுத்த ஆண்டு, 1969 ஜூலை முதல் அக்டோபர் வரை, டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபாவில் ஃபிஃபா ஒரு பயிற்சியாளர் பள்ளியை நடத்தியது. நடத்தியவர் கிராமர். ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து ஆட்கள் வந்து மூன்று மாதம் தங்கிப் படித்தார்கள். நம் பி. கே. பானர்ஜியும் அங்கே படித்தார். நமக்கும் ஜப்பானியருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பள்ளி, ஒரே பாடம்.

திரும்பி வந்த பானர்ஜி கல்கத்தா கிளப்புகளுக்கும் இந்திய அணிக்கும் பெரும் பயிற்சியாளர் ஆனார். அவருடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நாம் அவரை ஓர் அணியின் கோச்சாக வைத்துக்கொண்டோம். ஜப்பானியரோ அந்தப் பள்ளியைத் தங்கள் சொந்தப் பயிற்சியாளர் படிப்புக்கு அடித்தளமாக்கினார்கள். படித்தவர் பத்துப் பேருக்குச் சொல்லித்தருவது, அந்தப் பத்துப் பேர் மாவட்டங்களுக்குப் போவது, பள்ளி ஆசிரியர்களுக்குத் தரச் சான்று தருவது என்று அது கீழே இறங்கியது. பலன் உடனே வரவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜப்பான் பெரிதாக எதையும் ஜெயிக்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை என்பதைத்தான் நான் வியப்போடு பார்க்கிறேன். 1993இல் ஜே-லீக் தொடங்கியபோது ஒவ்வொரு கிளப்பும் சிறுவர் அணிகளை வைத்திருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 1998இல் முதல் உலகக் கோப்பை. அதற்குப் பிறகு ஒன்றைக்கூட அவர்கள் தவறவிடவில்லை.

நாம் என்ன செய்தோம்? 1964இல் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர் வந்தார், ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றோம். பிறகு யூகோஸ்லாவியாவிலிருந்து சிரிச் மிலோவன், உஸ்பெகிஸ்தானிலிருந்து ருஸ்தம் அக்ரமோவ், இங்கிலாந்திலிருந்து ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், பாப் ஹாட்டன், குரோஷியாவிலிருந்து இகோர் ஸ்டிமாச் என்று வரிசை நீண்டது. வந்தவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பலர் நல்ல மனிதர்கள், நல்ல கோச்சுகள். முப்பது பேர் கொண்ட முகாமுக்குள் அவர்களை வைத்துப் பூட்டினோம், முடிவு சரியில்லை என்றால் டிக்கெட் எடுத்துக்கொடுத்து அனுப்பினோம். அவர்கள் அறிந்ததைக் கேட்டுக்கொள்ள நம் மாவட்டக் கோச்சுகளை யாரும் எதிரில் உட்காரவைக்கவில்லை.

வெளிநாட்டவர் வந்தால் போதும் என்றில்லை, வந்தவர் எந்த வயதுப் பிள்ளையோடு நிற்கிறார் என்பதே முக்கியம் என்பதற்குக் கென்யா சாட்சி. 1976இல் கோல்ம் ஓகானல் என்ற அயர்லாந்துத் துறவி இட்டேன் என்ற மலையூரின் செயின்ட் பேட்ரிக் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். தடகளத்தில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தார், நேரம் குறித்தார், படித்தார், தங்கிவிட்டார். அவரிடம் வளர்ந்த பீட்டர் ரோனோ 1988 சியோலில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். டேவிட் ருடிஷா 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி முடித்தார். ஒரே ஊரின் பதின்வயதுப் பிள்ளைகளோடு பல பத்தாண்டுகள் நின்ற மனிதர் அவர்.

ஜமைக்காவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. டென்னிஸ் ஜான்சன் என்ற ஓட்டக்காரர் கலிபோர்னியாவின் சான் ஹோசே கல்லூரிக்குப் போய் பட் வின்டர் என்ற பெயர்பெற்ற கோச்சிடம் பயின்றார். ஊர் திரும்பி, பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போகாமலே படித்துக்கொண்டு ஓட வழி செய்தார். 1980இல் கியூபாவின் உதவியோடு ஜி. சி. ஃபாஸ்டர் கல்லூரி திறக்கப்பட்டது. அது கோச்சுகளையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் உருவாக்குவதற்கென்றே உள்ள கல்லூரி. அங்கே படித்தவர்கள் தீவு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனார்கள். அந்நாட்டின் பள்ளித் தடகளப் போட்டி 1910இலிருந்து நடக்கிறது, ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. உசேன் போல்ட் படித்த கிராமத்துப் பள்ளியில் அவருக்குக் கோச்சாக இருந்தவர் பாப்லோ மெக்நீல், ஒலிம்பிக்ஸில் ஓடியவர். நம் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஒலிம்பிக் வீரர் ஒருவர் டிரில் வகுப்பு எடுப்பதாக நினைத்துப் பாருங்கள். கோடி கோடியாய்ப் பணம் கொட்டும் நாடு இல்லை ஜமைக்கா. எந்த நாற்காலிக்கு எந்த ஆளை அனுப்புவது என்று தீர்மானித்த நாடு.

நம் தமிழரில் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் உயரம் தாண்டினார். 1958 டோக்கியோவில் 2.03 மீட்டர் தாண்டி, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். பதக்கத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் பட்டியலில் ஒன்றாக இருந்திருக்கும். அமெரிக்காவில் படித்து முனைவரானார், சியரா லியோன், நைஜீரியா, பப்புவா நியூ கினி என்று போய் ஆசிரியராக வேலை செய்தார், விளையாட்டை இளையோர் கல்வியின் பகுதியாகவே கடைசிவரை பேசிவந்தார். 2024இல் மறைந்தார். உலகத் தரத்தில் ஆடியவர் பிள்ளைகளுக்கு ஆசிரியராவதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது என்பதற்கு இவரைவிட எனக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

இனி பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். சிறு வயதுக் கோச்சுக்குப் படிப்பு ஏன் கட்டாயம் என்பது இங்கேதான் தெரியும்.

பெண் பிள்ளை ஏறக்குறைய பன்னிரண்டு வயதில், ஆண் பிள்ளை பதினான்கு வயதில் கிடுகிடுவென்று வளர்வார்கள். ஓர் ஆண்டில் எட்டு, பத்து சென்டிமீட்டர்கூட உயரும். எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் நரம்பும் பின்னால் வரும். நேற்று வரை அழகாகப் பந்தை நிறுத்திய பையன் இன்று தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே, குதிகாலில் வலி என்பான். படிக்காத கோச் ‘சோம்பேறி, திமிர்’ என்று இன்னும் நாலு ரவுண்டு ஓடச் சொல்வார். படித்தவர் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, சில மாதம் பொறுத்து, பந்தோடு மட்டும் பழகவிடுவார். அந்தச் சில மாதங்களில் விளையாட்டை விட்டுப்போன பிள்ளைகளை நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் போய்க் கேட்டால், ‘அவனுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு சார்’ என்பார்கள். ஆர்வம் தானாகப் போகவில்லை, வலி அதைத் தின்றுவிட்டது.

இன்னொன்று, முந்திப் பிறந்தவனுக்குக் கிடைக்கும் சலுகை. ஜனவரி 1 கணக்கில் வயதுப் பிரிவு வைத்தால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்கு வருவார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லியும் கூட்டாளிகளும், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே தேர்வில் குவிந்திருப்பதை 1985இலேயே காட்டினார்கள். அதோடு சேர்ந்து, ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் சீக்கிரம் வளர்வான், ஒருவன் தாமதமாக வளர்வான். நாம் டிரையல்ஸ் வைத்து உயரமானவனை எடுக்கிறோம், திறமையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறோம். பதினெட்டு வயதில் எல்லாரும் வளர்ந்து முடிந்ததும் பார்த்தால் அந்த உயரம் எல்லாருக்கும் வந்திருக்கும், நாம் திருப்பி அனுப்பிய குட்டைப் பையன் எங்கேயோ டெலிவரி வேலையில் இருப்பான்.

இதே நோயின் முற்றிய வடிவம்தான் வயதுப் பொய். பதிமூன்று வயதுக்குட்பட்டோர் கோப்பையை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்பதால் பிறந்த தேதி மாற்றிய சான்றிதழ் வருகிறது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கும் சோதனைகள் நம் சங்கங்களில் நடக்கின்றன. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009இலிருந்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. சோதனை வேண்டியதுதான். ஆனால் பொய் சொல்லவைக்கும் கோப்பையைச் சிறு பிள்ளைகள் முன்னால் வைப்பது நாம்தானே?

நார்வே இதை வேரிலேயே கையாண்டது. குழந்தைகள் விளையாட்டுக்கென்று 1987இல் விதிகள் வகுத்தார்கள், 2007இல் குழந்தைகளின் உரிமைகளையும் சேர்த்தார்கள். பதினொரு வயது ஆகும் ஆண்டு வரை தரவரிசையோ புள்ளிப்பட்டியலோ வெளியிடக் கூடாது. பதிமூன்று வரை தேசியப் போட்டி கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பதில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. இப்படி வளர்த்தால் போட்டி மனப்பான்மை வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் நார்வே 39 பதக்கம் வாங்கியது, 2022இல் 16 தங்கம். அந்த நாட்டு மக்கள் தொகை நம் பெங்களூர் நகரத்தைவிடக் குறைவு. பெல்ஜியமும் ஜெர்மனியும் இரண்டாயிரத்துக்குப் பிறகு இதே திசையில் நடந்தன: சின்ன மைதானம், குறைவான ஆட்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நிறையத் தடவை பந்து. இந்தியக் கால்பந்து சம்மேளனமும் 2018 வாக்கில் கோல்டன் பேபி லீக் என்று ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிறு ஆட்டங்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். நம் சந்துகளில் நாலு பேர், ஐந்து பேர் என்று ஆடிய ஆட்டத்தில் இருந்தது இதே அறிவுதான்.

பெங்களூரில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனம் நிறையும், கொஞ்சம் நோகவும் செய்யும். 1980இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் டென்மார்க்கில் போய்த் தங்கிப் பயின்றார். அங்கே கண்ட ஒழுங்கோடு 1994இல் விமல் குமாரையும் சேர்த்துக்கொண்டு இங்கே அகாடமி தொடங்கினார். அஞ்சு பாபி ஜார்ஜும் அவர் கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜும் இந்த ஊரில் இளம் பெண்களுக்கு நீளம் தாண்டுதல் கற்றுத்தருகிறார்கள். ஜான்சியில் தையல் வேலை செய்யும் தாயின் மகள் ஷைலி சிங் பதினான்கு வயதில் அவர்களிடம் வந்தார். 2021இல் நைரோபியில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் 6.60. ஒரு சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்தில் வளர்ந்த இந்துமதியும் சந்தியாவும் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்குப் போனார்கள். அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் நின்ற பயிற்சியாளர் மாரியப்பன். சென்னை வியாசர்பாடியிலும் இப்படித்தான், தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைத்தவர்கள் அதே தெருவில் வளர்ந்தவர்கள். பெரிய கோச் சின்னப் பிள்ளையோடு நின்ற இடத்திலெல்லாம் விளைச்சல் இருக்கிறது.

நோகும் பக்கம் இது. நகரத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் பெருகிவிட்டன. மாதக் கட்டணம் வாங்கும் அகாடமிகள் நிறைய. அவற்றில் உண்மையாக உழைப்பவர்களும் உண்டு. ஆனால் கௌதமபுரத்துப் பிள்ளை, ஆஸ்டின் டவுன் பிள்ளை, ஜீவனஹள்ளிப் பிள்ளை இவர்களால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது. இவர்களுக்கு உரிய மண் மைதானங்களோ வாகனம் நிறுத்தவும் திருமணப் பந்தலுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. எந்தத் தெரு இந்த நகரத்துக்குக் கால்பந்தில் பெயர் வாங்கிக் கொடுத்ததோ அந்தத் தெருவின் பிள்ளை கம்பி வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் இந்த அறக்கட்டளைப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுதோறும் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகை போக மீதமுள்ள வட்டியில் கோப்பைகள் வாங்குகிறீர்கள். அந்தப் பணத்தில், சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் நம் சுற்றுவட்டாரத்து மாஸ்டர்களைக் கோச்சிங் படிக்க அனுப்புங்கள். கால்பந்தில் டி லைசென்ஸ் என்பது தொடக்க நிலைப் படிப்பு, சில நாட்களில் முடியும். அடுத்தது சி. தடகளத்துக்கும் ஹாக்கிக்கும் அதனதன் சங்கப் படிப்புகள் இருக்கின்றன. தேர்வுக் கட்டணம், போக்குவரத்து, அந்த நாட்களில் அவர்கள் இழக்கும் கூலி, மூன்றையும் கொடுக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவரும் பெயின்டிங் வேலைக்குப் போகிறவரும்தான் நம் கிரவுண்டுகளில் கோச்சாக இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. பாடக் குறிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதித்தர நான் தயார், என்னோடு உழைக்க இந்த அவையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பெண்களை அனுப்புவதில் தயக்கம் வேண்டாம். பன்னிரண்டு வயதில் உடம்பு மாறும்போது ஒரு பெண் பிள்ளைக்குப் பேச ஓர் அக்கா கிரவுண்டில் இருந்தால் அவள் தொடர்ந்து வருவாள். கல்லூரி வரை ஆடிவிட்டுத் திருமணத்துக்குப் பின் நிறுத்திய பெண்கள் இந்தப் பகுதியில் பலர் இருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் வந்தால் போதும், அதற்கு மாதச் சம்பளம் உண்டு என்று வீட்டாரிடம் சொல்ல முடிந்தால் பலர் திரும்பி வருவார்கள்.

இந்தப் பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் வந்திருக்கிறார்கள். பள்ளி மணி அடித்த பிறகு உங்கள் மைதானக் கதவை இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் அந்தச் செலவையும் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளலாம். பதிமூன்று வயதுக்குக் கீழே நாக்-அவுட் போட்டி இந்த வட்டாரத்தில் வேண்டாம் என்று நாமே ஒரு முடிவு எடுக்கலாம், அதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை. சனிக்கிழமை காலையில் ஐந்து பேர் அணிகளாக எல்லாப் பிள்ளைகளும் ஆடட்டும், தோற்ற அணி வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஆட்டத்துக்கு நிற்கட்டும்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் கிரவுண்டின் பெயரையும், படிக்க அனுப்ப வேண்டிய இருவர் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.